கப் அளவைக் கிராமுக்கு மாற்றுவது: பேக்கிங்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கப்பில் எழுதிய ரெசிபியைக் கிராமுக்கு மாற்ற உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பட்டியலைத் திறந்து 'மைதா 1 கப்' என்ற வரியைத் தேடுகிறார்கள். வேலை தடம் புரள்வது அங்கேதான். ரெசிபியை எழுதியவர் எந்தக் கப்பால் அளந்தார், அதை எப்படி நிரப்பினார் என்று தெரியாமல் பெருக்கிப் பயனில்லை. 2 கப் மைதா ஒருவர் கையில் 240 கிராம் வரும், இன்னொருவர் கையில் 285 கிராம் வரும். முதலாவது கேக் மெத்தென்று இருக்கும். இரண்டாவது மேலே வெடித்து, தொண்டையில் சிக்கும்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். உறுதியாகத் தெரிந்த பொருட்களை முதலில் மாற்றிவிட்டு, சந்தேகமானதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம். மைதா கடைசியில்தான் வரும். காரணம் அந்த இடத்தில் புரியும்.

விளக்கத்துக்கு ஒரு சாதாரண வெனிலா கேக்கை எடுத்துக்கொள்வோம்: மைதா 2¼ கப், சர்க்கரை 1½ கப், வெண்ணெய் ½ கப், பால் 1 கப், முட்டை 3, பேக்கிங் பவுடர் 2½ டீஸ்பூன், உப்பு ½ டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் 2 டீஸ்பூன்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று. 5 கிலோ வரை தாங்குவது நல்லது, ஏனென்றால் கனமான பீங்கான் கிண்ணமே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். காட்டித்திரையைக் கிண்ணம் மறைக்காத அமைப்பா என்று வாங்கும் முன் பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் எண் தெரியாமல் குனிந்து எட்டிப்பார்த்துக்கொண்டே அளப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அளவுக் கப் செட், அளவு ஸ்பூன் செட், தலைதட்ட நேரான விளிம்புள்ள ஒரு கத்தி, பேனா, காகிதம். அவ்வளவு போதும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் உப்பு, ஈஸ்ட்டுக்கு உதவும். கட்டாயம் இல்லை.

தராசை நம்பும் முன் ஒரு சோதனை. ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். எண் ஓரிரு கிராமுக்கு மேல் மாறினால் அடியில் தரை சமமாக இல்லை, அல்லது பேட்டரி போகப்போகிறது. எடைக்கல் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. பிரிக்காத பாக்கெட்டை வைத்துச் சோதிக்கிறவர்கள், உறையின் எடையும் சேர்ந்து வரும் என்பதை மறக்க வேண்டாம்.

தராசில் 'மி.லி.' என்று ஒரு பட்டன் இருக்கும். அதைத் தொடாதீர்கள். பெரும்பாலான வீட்டுத் தராசுகளில் அது எடையைத் தண்ணீரின் கொள்ளளவாகக் கருதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்த நிலையில் எண்ணெயையோ தேனையோ அளந்தால் தவறான எண்தான் கிடைக்கும்.

2. ரெசிபியை வரிவரியாக எழுதிக்கொள்ளுங்கள்

மூன்று பத்தி போடுங்கள்: மூல அளவு, மில்லிலிட்டர், கிராம். மூல அளவை ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். சுருக்கி எழுதும்போதுதான் முக்கியமான குறிப்பு காணாமல் போகிறது.

உதாரணமாக, 'சலித்த மைதா 1 கப்' என்றால் மாவைச் சலித்துவிட்டு அப்புறம் கப்பில் அளக்க வேண்டும். 'மைதா 1 கப், சலித்தது' என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கப்புக்கு 10 முதல் 20 கிராம் வரை வித்தியாசம் வரலாம். 'நறுக்கிய வால்நட் 1 கப்', 'வால்நட் 1 கப், நறுக்கியது' என்பதும் இதே கதைதான். முழுப் பருப்புக்கு நடுவே இடைவெளி அதிகம், அதனால் எடை குறைவு.

ரெசிபியில் சில பொருட்கள் ஏற்கெனவே கிராமிலோ அவுன்சிலோ இருந்தால் அவற்றை அடிக்கோடிடுங்கள். அவை உங்களுக்குக் கிடைத்த உறுதியான புள்ளிகள். ஆனால் அவுன்சில் ஒரு பொறி உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் கொள்ளளவு, அமெரிக்க அளவில் 29.57 மி.லி. '8 அவுன்ஸ் சாக்லேட்' என்றால் எடை, அதாவது 227 கிராம். '8 அவுன்ஸ் பால்' என்றால் பெரும்பாலும் 1 கப். மாவுக்கு '8 அவுன்ஸ்' என்று இருந்தால் அது எடைதான். அதை 1 கப் என்று எடுத்துக்கொண்டு மாவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடுபவர்கள் உண்டு.

ஒரு குறுக்குவழியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கப் அளவில் நீங்கள் பலமுறை செய்து நன்றாக வந்த ரெசிபி என்றால் கணக்கே வேண்டாம். அடுத்த முறை செய்யும்போது கிண்ணத்தைத் தராசில் வைத்து, வழக்கம்போலக் கப்பால் அளந்து கொட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை குறித்துச் சராசரி எடுத்தால், எந்தப் பட்டியலையும் விட அது சரியாக இருக்கும். வீட்டில் வேறொருவரின் கைப்பக்குவ ரெசிபி என்றால் கப்பை அவரே நிரப்பட்டும். நீங்கள் நிரப்பினால் அது உங்கள் அளவாகிவிடும்.

3. எந்தக் கப் என்று முடிவு செய்யுங்கள்

கப் என்பது உலகம் முழுக்க ஒரே அளவு இல்லை. அமெரிக்கக் கப் 236.6 மி.லி., நடைமுறையில் 237. அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்து விவரத்தில் 240 என்று எடுத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ரெசிபிகளில் 250. ஜப்பானிய சமையல் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி.தான். அந்தக் கப்பால் கேக் மாவு அளந்துவிட்டு ரெசிபி சரியில்லை என்று முடிவுகட்டுவது சர்வ சாதாரணம்.

237க்கும் 250க்கும் நடுவே சுமார் 5.5 சதவீத வித்தியாசம். எல்லாப் பொருளும் ஒரே கப்பால் அளக்கப்பட்டால் விகிதம் கெடாது, கேக் சற்றுப் பெரிதாகும், அவ்வளவுதான். சிக்கல் வருவது முட்டையால். முட்டை கப்பில் அளக்கப்படுவதில்லை என்பதால், கப் பெரிதானால் முட்டையின் பங்கு குறையும்.

டேபிள்ஸ்பூனும் அப்படித்தான். பெரும்பாலான இடங்களில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20. டீஸ்பூன் எல்லா இடத்திலும் 5 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம்.

ரெசிபி எந்த நாட்டுக் கணக்கு என்று எப்படித் தெரியும்? ஓவன் சூடு ஃபாரன்ஹீட்டில் மட்டும் இருந்தால், வெண்ணெய் 'ஸ்டிக்' (அங்கே விற்கும் ½ கப் கட்டி) கணக்கில் இருந்தால், அது அமெரிக்க ரெசிபி. செல்சியஸில் இருந்து கப்பும் இருந்தால் 250 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். நம் உதாரண ரெசிபி அமெரிக்கக் கப் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டுக் கப் எவ்வளவு கொள்ளும் என்று தெரிய வேண்டுமா? தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். அறை வெப்பத்தில் தண்ணீரின் கிராமும் மில்லிலிட்டரும் ஏறக்குறைய ஒன்றே. மலிவான செட்டுகளில் '1 கப்' என்று பொறித்த கப் 225 மி.லி. கொள்வதும் உண்டு, 255 கொள்வதும் உண்டு.

4. திரவங்களை முதலில் மாற்றுங்கள்

திரவத்தை அழுத்தி நிரப்ப முடியாது, குவிக்கவும் முடியாது. கை மாறினாலும் எடை மாறாது. அதனால்தான் இவை முதலில். மில்லிலிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் வந்துவிடும்.

தண்ணீர் 1. பால் 1.03. மோர், தயிர் சுமார் 1.03. எண்ணெய் 0.92. தேன் 1.42.

ஆக ஓர் அமெரிக்கக் கப்புக்குத் தண்ணீர் 237 கிராம், பால் 244, எண்ணெய் 218, தேன் சுமார் 336. எண்ணெய்க்குச் சில பட்டியல்கள் 198 என்று போட்டிருக்கும். அந்த எண்ணை 237ஆல் வகுத்துப் பாருங்கள், 0.84 வரும். சமையல் எண்ணெய் எதுவும் அவ்வளவு லேசு கிடையாது. கையில் கிடைத்த பட்டியலைத் திரவங்களை வைத்து இப்படிச் சோதித்துப் பார்த்தால், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

தேனுக்கும் சர்க்கரைப் பாகுக்கும் எடையில் அளப்பது கூடுதல் லாபம். கப்பின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வீணாவது இல்லை. ஆனால் கப்பால் அளந்து எழுதியவர் கப்பை வழித்தாரா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. அதனால் இரண்டு டேபிள்ஸ்பூனுக்குக் குறைவான தேன் என்றால் கிராமைத் துல்லியமாகப் பிடிக்க மெனக்கெட வேண்டாம்.

உதாரணத்தில் பால் 1 கப்: 244. எழுதுவது 245.

5. சர்க்கரை, வெண்ணெய், முட்டை

வெள்ளைச் சர்க்கரை உதிரியானது. கப்பில் தானாக ஒரே மாதிரி அமரும். ஒரு கப் 200 கிராம், இதில் பட்டியல்களுக்குள் பெரிய சண்டை இல்லை. மிக நைசான சர்க்கரை, பெரிய கட்டிச் சர்க்கரை என்றால் கொஞ்சம் மாறும். உதாரணத்தில் 1½ கப்: 300.

பிரவுன் சுகர் வேறு ஜாதி. ஈரமானது, அழுத்தினால் அமுங்கும். ரெசிபிகள் பெரும்பாலும் அழுத்தி நிரப்பிய கப்பைத்தான் சொல்கின்றன: 213 முதல் 220 கிராம். அழுத்தாமல் போட்டால் 145 வரைகூட இறங்கிவிடும். 'அழுத்தி' என்று எழுதாவிட்டாலும் அழுத்தியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் வழக்கம். ஐசிங் சர்க்கரை சுமார் 115 முதல் 120, சலித்து அளந்தால் 100க்குப் பக்கம்.

வெண்ணெய் 1 கப் 227 கிராம். அமெரிக்க ஸ்டிக் ஒன்று 113 கிராம், அதாவது ½ கப், அதாவது 8 டேபிள்ஸ்பூன். உறையிலேயே கோடு போட்டு விற்பதால் அங்கே எழுதுகிறவர்கள் வெண்ணெயைக் கப்பில் அடைத்து அளப்பதே இல்லை. எனவே இந்த எண் நம்பகமானது. 'உருக்கிய' என்ற சொல் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் உதாரணத்தின் ½ கப்புக்கு 113 ஐயே வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம் வந்தாலும் ஓரிரு ஸ்பூனுக்குள் அடங்கிவிடும்.

முட்டைக்கு 'பெரியது' என்ற சொல் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க ரெசிபியில் பெரிய முட்டை ஓடு நீக்கி 50 கிராம். ஐரோப்பாவில் 'பெரியது' ஓட்டோடு 63 முதல் 73 கிராம், அங்கே 'நடுத்தரம்' 53 முதல் 63. ஆக அமெரிக்கப் பெரிய முட்டைக்கு ஐரோப்பிய நடுத்தரம்தான் ஈடு. உங்களிடம் இருக்கும் முட்டை சிறியது என்றால் எண்ணிக்கையை மறந்துவிட்டு உடைத்து, அடித்து, எடை போடுங்கள். உதாரணத்தில் 3 முட்டை: 150 கிராம். நான்கு சின்ன முட்டை 165 வந்தால் 15 கிராமை எடுத்து வைத்துவிடலாம். அடிக்காமல் எடுக்கப் போனால் வெள்ளைக்கரு மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

6. மற்ற பொடிகளும் உதிரிப் பொருட்களும்

இவற்றுக்குப் பட்டியலைப் பயன்படுத்தலாம், ஆனால் கொஞ்சம் சந்தேகத்தோடு. அமெரிக்கக் கப்புக்கு வழக்கமாகக் காணப்படும் எண்கள்: கோகோ பவுடர் 85, கார்ன்ஃப்ளோர் 112 முதல் 128, பாதாம் மாவு 96, முழுக் கோதுமை மாவு 113 முதல் 120, ஓட்ஸ் 80 முதல் 90, சாக்லேட் சிப்ஸ் 170, நறுக்கிய வால்நட் 115.

பட்டியலை விட நல்ல துணை ஒன்று உங்கள் கையிலேயே இருக்கலாம். பாக்கெட்டின் சத்து விவரத்தில் '¼ கப் (30 கிராம்)' என்பதுபோல எழுதியிருந்தால், அந்தப் பொருளுக்கே உரிய எடை அது. நான்கால் பெருக்கினால் 120. பால் பவுடர் மாதிரிப் பொருளுக்கு இது மிகவும் உதவும். ஒரு வகை கப்புக்கு 70 கிராம்கூட வராது, இன்னொரு வகை 120ஐத் தாண்டும். பட்டியலில் எந்த வகை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த எண் முழு எண்ணாக்கப்பட்டது என்பதை மறக்காதீர்கள். '¼ கப் 30 கிராம்' என்பதில் அரை கிராம் பிசகு இருந்தால் கப்புக்கு 2 கிராம்தான் தவறும். '1 டேபிள்ஸ்பூன் 5 கிராம்' என்பதில் அதே அரை கிராம் 16ஆல் பெருகி, கப்புக்கு 8 கிராம் பிசகாகிவிடும். சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போகும்போதெல்லாம் இந்தச் சிக்கல் உண்டு.

7. கடைசியாக மைதா

இங்கே நிதானமாக இருங்கள். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த ஒரு வரியில் நடக்கும் தவறுதான் பெரியது. மைதா காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். எப்படி நிரப்புகிறோமோ அப்படி எடை மாறும்.

நிரப்பும் முறை தெரிந்தால் எண்ணும் தெரிந்த மாதிரிதான். சலித்து, கப்பில் மெதுவாக விழவிட்டுத் தலைதட்டினால் 100 முதல் 115 கிராம். மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் அள்ளிப் போட்டுத் தலைதட்டினால் 120 முதல் 125. கப்பையே மாவுக்குள் முக்கி எடுத்துத் தலைதட்டினால் 140 முதல் 150. முக்கி எடுத்துக் கப்பைத் தட்டித் தட்டி நிரப்பினால் இன்னும் மேலே போகும். இதைப் படித்துவிட்டு நம்பாதீர்கள், உங்கள் மாவில் நான்கு முறையிலும் நிரப்பி எடைபோட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பார்த்தபின் ஒற்றை எண் தரும் எந்தப் பட்டியலையும் கண்மூடி ஏற்க மாட்டீர்கள்.

கிங் ஆர்தர் மாவு நிறுவனம் தன் ரெசிபிகளில் கப்புக்கு 120 கிராம் என்று கணக்கு வைத்திருக்கிறது. 5 அவுன்ஸ், அதாவது 142 கிராம் என்று வைத்திருக்கும் அமெரிக்க சமையல் எழுத்தாளர்களும் உண்டு. யாரும் தவறு செய்யவில்லை. அவரவர் கப்பை நிரப்பும் பழக்கம் வேறு. ஒருவரின் ரெசிபியை இன்னொருவரின் பட்டியலால் மாற்றுவதுதான் தவறு.

எழுதியவரின் பழக்கத்தைக் கண்டுபிடிக்கச் சில வழிகள். முதலில், அவருடைய வேறு ரெசிபிகளில் கப்பும் கிராமும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று கிடைத்தாலே போதும், எல்லாவற்றுக்கும் அதே எண்ணைப் பயன்படுத்தலாம். புத்தகம் என்றால் முன்பக்கத்தில் அளவு முறை பற்றி ஒரு பத்தி இருக்கும், பெரும்பாலோர் தாண்டிப்போவது அதைத்தான். வீடியோ இருந்தால் அவர் கப்பை என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பேச்சை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்.

எதுவும் கிடைக்கவில்லையா? சரி, ரெசிபியின் மற்ற வரிகளையே சாட்சிக்குக் கூப்பிடலாம். மைதாவைக் கடைசியில் வைத்தது இதற்காகத்தான்.

ரொட்டியில் இது அழகாக வேலை செய்யும். ஒரு ரெசிபி 3 கப் மாவு, 1¼ கப் தண்ணீர் கேட்கிறது என்று வையுங்கள். தண்ணீர் 296 கிராம், இதில் சந்தேகம் இல்லை. கப்புக்கு 120 என்றால் மாவு 360, தண்ணீர் மாவின் எடையில் 82 சதவீதம். 142 என்றால் மாவு 426, தண்ணீர் 69 சதவீதம். இப்போது செய்முறையைப் படியுங்கள். 'கையால் 10 நிமிடம் பிசைந்து, ஒட்டாத வழவழப்பான உருண்டையாக்கவும்' என்று இருந்தால் 82 சதவீதம் நடக்காத காரியம். அந்த ஈரத்தில் மாவு கையிலும் பலகையிலும் ஒட்டிக்கொண்டு வழியும். ஆக எழுதியவர் கப்பை முக்கி எடுக்கிறவர். மாறாக 'பிசைய வேண்டாம், கரண்டியால் கலந்து இரவு முழுக்க விடவும்' என்று இருந்தால் 82 பொருந்தும்.

கேக்கில் இவ்வளவு தெளிவான சாட்சி கிடைக்காது. நம் உதாரணத்தில் 2¼ கப்பை 120ஆல் பெருக்கினால் 270, 142ஆல் பெருக்கினால் 320. சர்க்கரை 300. வெண்ணெய் கேக்கில் சர்க்கரையும் மாவும் எடையில் கிட்டத்தட்டச் சமமாக இருப்பது சகஜம், இங்கே இரண்டு எண்ணுமே அதற்கு அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. விகிதம் தீர்ப்புச் சொல்லவில்லை. இந்த நிலையில் நான் 125 எடுப்பேன்: 281, எழுதுவது 280. நடுவான 131ஐ விட்டுவிட்டுக் கீழ்ப்பக்கம் சாய்வதற்குக் காரணம் உண்டு. மாவு சற்றுக் குறைந்த கேக் மென்மையாக, கொஞ்சம் தாழ்ந்து வரும், சாப்பிடலாம். மாவு கூடிய கேக் வறண்டு போகும், அதை எதுவும் காப்பாற்றாது. ரொட்டி மாவிலும் குறைவில் தொடங்கிப் பிசையும்போது சேர்க்கலாம், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

விகிதம் பார்ப்பதால் இன்னொரு நன்மை, பெரிய கணக்குப் பிழைகள் இங்கே மாட்டிக்கொள்ளும். சாதாரண வெண்ணெய் கேக்கில் மாவு சர்க்கரையைப் போல இரண்டு மடங்கு வந்தால், அல்லது வெண்ணெய் மாவை மிஞ்சினால், எங்கோ ½ கப்பை 1 கப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

8. ஸ்பூன் அளவுகளை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்

எல்லாவற்றையும் கிராமாக்கிவிட வேண்டும் என்ற ஆசை புதியவர்களுக்கு வரும். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் 3 கிராம் உப்பை அளந்தால், அது 2.5 ஆகவும் இருக்கலாம், 3.4 ஆகவும் இருக்கலாம். தலைதட்டிய அரை டீஸ்பூன் அதை விட நம்பகமானது. சின்னத் தராசு இல்லாதவரை பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, ஏலக்காய், பட்டைத்தூள், எசென்ஸ் எல்லாம் ஸ்பூனிலேயே இருக்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பல தராசுகள் மிக மெதுவாக விழும் பொருளைக் கவனிப்பதே இல்லை. சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் அதைச் சின்ன நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு பழைய எண்ணிலேயே நிற்கும். தூவத்தான் வேண்டும் என்றால் தனிக் கிண்ணத்தில் சேர்த்துவிட்டு, அதை மொத்தமாகத் தட்டில் வையுங்கள்.

மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒரு தந்திரம். ஐந்து டீஸ்பூனைத் தலைதட்டிப் போட்டு மொத்தமாக எடைபோட்டு, ஐந்தால் வகுங்கள். பேக்கிங் பவுடர் டீஸ்பூனுக்கு 4 முதல் 5 கிராமுக்குள் வரும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சுமார் 3 கிராம், 7 கிராம் பாக்கெட் 2¼ டீஸ்பூன்.

உப்பில் மட்டும் உஷார். நைஸ் மேசை உப்பு டீஸ்பூனுக்கு 6 கிராம். அமெரிக்க ரெசிபிகளில் வரும் கோஷர் உப்பு பரல் பரலானது, அதிலும் டைமண்ட் கிரிஸ்டல் என்ற பிராண்ட் டீஸ்பூனுக்கு 3 கிராம் அளவிலும் மார்ட்டன் என்ற பிராண்ட் 5 கிராம் அளவிலும் இருக்கும். டைமண்ட் கிரிஸ்டலை மனதில் வைத்து எழுதிய 2 டீஸ்பூனுக்கு நைஸ் உப்பை அதே 2 டீஸ்பூன் போட்டால் உப்பு இரட்டிப்பாகிவிடும். உப்பை எடையில் மாற்றுவதற்கு இது ஒன்றே நல்ல காரணம்.

9. முழு எண்ணாக்குவது கடைசியில்தான்

கப்பிலிருந்து அவுன்ஸ், அவுன்சிலிருந்து கிராம் என்று இரண்டு தாவலாகப் போகாதீர்கள். ஒவ்வொரு தாவலிலும் பிசிறை வெட்டினால் கடைசியில் 10 கிராம் காணாமல் போயிருக்கும். கப் எண்ணிக்கையை நேராகக் கிராமால் பெருக்குங்கள். பெருக்கி முடித்த பிறகு மாவு, சர்க்கரை, பால் ஆகியவற்றை அருகிலுள்ள 5க்குக் கொண்டுவாருங்கள்.

உதாரணம் இப்போது இப்படி நிற்கிறது: மைதா 280 கிராம், சர்க்கரை 300, வெண்ணெய் 113, பால் 245, முட்டை 150. பேக்கிங் பவுடர் 2½ டீஸ்பூன், உப்பு ½ டீஸ்பூன், வெனிலா 2 டீஸ்பூன். கிராமும் ஸ்பூனும் கலந்திருப்பது அழகில்லைதான். ஆனால் அடுப்படியில் வேலை செய்வது இதுதான்.

10. முதல் முறை சுடும்போது

ஒரே கிண்ணத்தைத் தராசில் வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் பூஜ்யமாக்கிக்கொண்டே போகலாம். மாவும் சர்க்கரையும் இப்படிப் போடலாம், கூடிப்போனால் அள்ளி எடுக்க முடியும் என்பதால் ஒன்றை ஒன்று தொடாமல் எதிரெதிர்ப் பக்கமாகக் கொட்டுங்கள். பாலைத் தனிக் குவளையில் அளப்பதுதான் நல்லது. கைதவறி 50 கிராம் கூட விழுந்தால் மாவிலிருந்து பாலைப் பிரிக்க முடியாது.

நடுவில் போன் பேசப் போனால் தராசு தானாக அணைந்துவிடும். திரும்பவும் போடும்போது இருக்கும் எடையைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், எவ்வளவு போட்டோம் என்பது போயே போச்சு. ஒவ்வொரு பொருளும் விழுந்தவுடன் காகிதத்தில் ஒரு டிக் போடுவது இதற்காக.

வெந்து ஆறியபின் வெட்டிப் பாருங்கள். நடுவில் கூம்பாக எழும்பி வெடிப்பு, இறுகிய துகள், வறட்சி: மாவு கூடியிருக்கிறது. நடு இறங்கி, அடியில் களி மாதிரி ஈரப் பட்டை: மாவு குறைந்திருக்கலாம், ஆனால் ஓவன் சூடு குறைவு, பேக்கிங் பவுடர் அதிகம் என்றாலும் இதே மாதிரிதான் இருக்கும். குக்கீ என்றால் கண்டபடி பரவித் தட்டையானால் மாவு குறைவு, உருட்டி வைத்த உருண்டை அப்படியே நின்றால் மாவு அதிகம்.

திருத்தும்போது மைதாவை மட்டும் தொடுங்கள், ஒரு தடவைக்கு 10 முதல் 15 கிராம். சர்க்கரையையும் பாலையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. பெரும்பாலான கேக்குகள் இரண்டாவது திருத்தத்துக்கு மேல் போவதில்லை.

11. எழுதி வைக்கும்போது

கிராமோடு சேர்த்து மூல அளவையும், மைதாவுக்குக் கப்புக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்: 'மைதா 280 கிராம் (2¼ கப், கப்புக்கு 125)'. அதே எழுத்தாளரின் அடுத்த ரெசிபிக்கு, திருத்திச் சரியான எண்ணே தொடக்கமாகிவிடும். 280 திருத்தத்துக்குப் பின் 295 ஆனது என்றால் அவருடைய கப் 131. இனி அவருடைய எல்லா ரெசிபிக்கும் அந்த எண்தான்.

அளவைக் கூட்டும்போது கிராம்களை நேராகப் பெருக்கலாம், முட்டை உட்பட. ஒன்றரை மடங்குக்கு 225 கிராம் முட்டை, அதாவது நாலரை, அடித்து எடைபோட்டால் சிக்கலே இல்லை. பேக்கிங் பவுடர் 2½ டீஸ்பூன் ஒன்றரை மடங்குக்கு 3¾ டீஸ்பூன் ஆகும், அதாவது 1 டேபிள்ஸ்பூனும் ¾ டீஸ்பூனும். ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் டேபிள்ஸ்பூனை எடுக்காமல் டீஸ்பூனாலேயே எண்ணிப் போடுங்கள்.